மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆயில் பிரஷர்

பிள்ளைகளே, எங்கள் கல்யாண சிடியைப் போடும்போதெல்லாம் நீங்கள் இரண்டு இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். ஒன்று, மாப்பிள்ளை ஊர்வலம் முழுக்க அப்பா தலையைக் குனிந்துகொண்டே வருவது. "அப்பாவுக்கு எவ்ளோ வெக்கம் பாரு" என்று பெரியவள் சொல்வாள். இன்னொன்று, உங்கள் பெரியப்பா தலையில் ஒரு மயிலைச் சுமந்துகொண்டு பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் ஆடுவது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புகுந்து கெடுத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பென்சிலால் திருத்துங்கள், பேனாவால் வேண்டாம்.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தேன். எங்கள் வாடிக்கைக்காரர் ஒரு டாக்டரிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. துணிக்கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். இன்ஜின் தேய்ந்து வருஷக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. அதைப் பிரித்து, உள்ளே பேரிங்குகளை மாற்றித் திரும்பப் பூட்டியவன் உங்கள் அப்பன். அந்தப் பேரிங்குகள் டாக்டரின் தம்பி வெளிநாட்டில் தேடிப் பிடித்து அனுப்பியவை. போனால் இன்னொரு செட் கிடையாது.

எனக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வைக்கப் போனேன். டாக்டர் பத்திரிகையைப் படிக்கவே இல்லை.

"ஊர்வலத்துக்கு என் வண்டிதான்ப்பா. நீ கட்டின இன்ஜின், நீயே ஏறிப் போ. நான் ஓட்டறேன்" என்றார்.

அந்த வண்டியில் ஒரு வட்ட மீட்டர் உண்டு, ஆயில் பிரஷர் மீட்டர். இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். பம்பு அந்த எண்ணெயை எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது என்பதை மீட்டரின் முள் காட்டும். முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் பேரிங் கதை முடிந்தது. ஓட்டிப் பார்க்க ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலை நகர் வரை போய் வந்தோம். போகும்போதும் வரும்போதும் முள் அறுபதில் ஆணி அடித்தது போல நின்றது.

இப்போது அம்மா வீட்டுக்கு வருவோம். குரோம்பேட்டையில் ஒரு காலத்தில் நெல் விளைத்து, பிறகு ஹார்டுவேர் கடை வைத்த குடும்பம் அது. அவர்களுக்கு ஒரு விதி: பிள்ளையார் கோயிலில் ஏறும் மாப்பிள்ளையின் வண்டி, மண்டபத்து வாசல் வரை இன்ஜின் அணையாமல் வர வேண்டும். அம்மாவின் அக்காவைக் கட்டிய உங்கள் பெரியப்பா கல்யாணத்தில் வாடகை வண்டி பாதித் தெருவில் உயிரை விட்டது. நாலு பேர் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் தள்ளுவண்டி மாப்பிள்ளை. பெரியம்மாவே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஊர்வலத்தன்று நான் கோட்டு மாட்டிக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தபோது வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். பக்கவாட்டுக் கதவு வழியாக என்னை உள்ளே திணித்தார்கள். முன்னால் ஒரு மயில் தோகை மட்டும் பானெட்டுக்கு மேல் தெரிந்தது. அம்மாவின் தாய்மாமா, அதாவது உங்கள் மாமா தாத்தா, தனியாகச் சொல்லிச் செய்ய வைத்த அலங்காரம். பானெட் முழுக்க மல்லிகைச் சரம். பேண்டு அடித்தது, கிளம்பினோம்.

ஊர்வலம் என்றால் நடை வேகம்கூட இல்லை. நாலடி போகும், நிற்கும், ஆடும். முதல் தெருமுனையில் முள்ளைப் பார்த்தேன். நாற்பது. சூடானால் கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை. இரண்டாவது முனையில் இருபது.

"மாப்ள, கேமராவைப் பாருங்க சார், கொஞ்சம் சிரிங்க" என்றார் வீடியோக்காரர்.

பார்த்தேன், சிரித்தேன், திரும்பினேன். பதினைந்து.

டாக்டரும் பார்த்துவிட்டார். வாயை அசைக்காமல், "என்னப்பா, பிரஷர் இறங்குது. என்கிட்ட வர்ற பேஷண்ட் யாருக்கும் இப்படி இறங்கி நான் பார்த்ததில்ல" என்றார்.

"கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க சார்."

ஆக்சிலேட்டரை மிதித்தார். முள் எழுந்தது. விட்டார், விழுந்தது. அப்படியானால் பம்பு செத்துவிடவில்லை. மீட்டர் பொய் சொல்கிறதோ என்று பக்கத்து மீட்டரைப் பார்த்தேன். தண்ணீர்ச் சூடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மீட்டர் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்லாது. எண்ணெய் கொதித்து, ரசம் மாதிரி நீர்த்துவிட்டது. ஆனால் ஏன்? எண்ணெயைக் குளிர்விக்கத்தானே முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் ஆயில் கூலர் இருக்கிறது, நானே கழுவி மாட்டியது?

அதற்குள் பெரியப்பா வண்டி ஓரமாக வந்து ஒட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இன்னா சகல, மூஞ்சி ஒரு மாரியா கீது? வண்டி நிக்கப் போவுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, சகல."

"நின்னா சொல்லு. நானே தள்றேன். இந்தப் பேரை வேற ஒருத்தன் தலையில எறக்கி வெக்க எத்தினி வருசமா காத்துகினு கீறேன் தெரியுமா?"

முள் பத்து. அணைத்தால் நான் இரண்டாம் தள்ளுவண்டி. அணைக்காவிட்டால் என்னை நம்பி வண்டி கொடுத்தவரின் இன்ஜின் போய்விடும். எதிர் மாடியில் பெண்கள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். கண் மட்டும் முள்ளில்.

அப்போதுதான் பூவைக் கவனித்தேன். பானெட் மேல் இருந்த மல்லிகை எல்லாம் பழுத்துச் சுருண்டு கிடந்தது. மயில் தோகையில் குத்தியிருந்த மல்லிகையோ அப்போது பறித்தது போல வெள்ளையாக இருந்தது. பானெட் வேகிறது, ஒரு சாண் முன்னால் இருக்கும் மயில் ஜில்லென்று இருக்கிறது. நடுவில் என்ன?

மாமா தாத்தாவை அழைத்தேன். "மாமா, மயிலு எதுல செஞ்சது?"

"புட்ச்சிருக்கா மாப்ள? தெர்மாகோலு! முழு அட்டை. மேல பூ ஒட்டி, கீழ பம்பர் வரிக்கும் எறக்கிக்கீறான். காத்துக்கு அசையாது."

அசையாதுதான். காற்றே போகாதே! மீன்காரர்கள் ஐஸ் கரையாமல் வைக்கும் தெர்மாகோல். அதைக் கொண்டு வண்டியின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திவிட்டார்கள். ரேடியேட்டருக்கும் காற்றில்லை, கூலருக்கும் காற்றில்லை.

"மாமா, மயிலைக் கழட்டணும்."

மாமா தாத்தாவின் சிரிப்பு நின்றது. "இன்னா பேசற மாப்ள? அதுல பொண்ணு பேரும் உன் பேரும் எழுதிக்கீது. நடுத்தெருவுல கழட்டிப் போட்டா ஊரு இன்னா சொல்லும்?"

"கழட்டலன்னா இன்ஜின் போயிடும் மாமா."

"அப்போ தள்ளுவோம்" என்றார் பெரியப்பா, கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டியபடி.

அந்த உற்சாகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு யோசனை வந்தது. "மாமா, கீழ போட வாணாம். மயிலு முன்னாடி போவட்டும், நாங்க பின்னாடி வர்றோம். சகலை நல்ல உயரம், தலையில வெச்சா ஊருக்கே பேரு தெரியும்."

மாமா தாத்தா பெரியப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

நான் கோட்டோடு இறங்கி மயிலைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன். உள்ளிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. டாக்டர் மிதமாக ரேஸ் பிடித்திருந்தார். மயில் பெரியப்பா தலையில் ஏறியது. பேண்டுக்காரர்களுக்கு அதைப் பார்த்ததும் என்ன ஆனதோ, குத்துப் பாட்டு ஒன்றை எடுத்து வெளுத்தார்கள். பெரியப்பா முதலில் வேண்டாவெறுப்பாகத் தோளை ஆட்டினார். பிறகு இடுப்பு. பிறகு தெருவே ஒதுங்கி இடம் விட்டது.

முள் உடனே ஏறவில்லை. பத்திலேயே படுத்திருந்தது. அடுத்த முனையில் பதினைந்து. ஹார்டுவேர் கடையைத் தாண்டும்போது இருபத்தைந்து.

"பேஷண்ட் பிழைச்சிட்டார்" என்றார் டாக்டர்.

மண்டபத்து வாசலில் இன்ஜினை அணைத்தோம். ஆரத்தித் தட்டைக் கொண்டுவந்த பெரியம்மா வண்டியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "இன்னாய்யா இது, மயிலு மாப்ள!" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கூவினார். அதன் பிறகு பழைய பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

டாக்டர் வண்டியை மண்டபத்திலேயே விட்டுவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போனார். மறுநாள் தாலி கட்டியாயிற்று. எல்லோரும் பந்திக்கு ஓடினார்கள். அம்மா புடவை மாற்றப் போனாள். நான் மாலையோடு பின்பக்கம் போய், வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பினேன். காதைத் தீட்டிக் கேட்டேன். உள்ளே ஒரு தட்டல், ஒரு உரசல் கிடையாது. முள் எழுந்து அறுபதைத் தொட்டு நின்றது.

அப்போதுதான் நன்றாகச் சிரித்தேன். வீடியோக்காரர் பந்தியில் இருந்தார்.