நானூற்றுப் பதினேழாம் நம்பர் டயர்

எல்லாவற்றுக்கும் முதல் காரணம் என் வாய்தான். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நான் கேட்க வேண்டாம்.

சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எனக்கு அடுத்த வீடு அழகுமலை அண்ணனுடையது. நான் முனீஸ்வரன், ஜீப் ஓட்டுகிறவன். அண்ணன் இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டினார். அதன் பிறகு அடுத்தவர் ஜீப்பில் டூரிஸ்ட்டுகளை ஏற்றி இறக்கினார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. அதிர்ந்து பேசத் தெரியாது, பொய்யும் வராது. இந்த இரண்டும் இல்லாமல் டிரைவர் தொழிலில் எப்படிப் பிழைப்பீர்கள் என்று எத்தனையோ தடவை அவரைத் திட்டியிருக்கிறேன்.

அவர் மனைவி ராமலட்சுமி எனக்கு மதினி முறை. முப்பத்து நாலு வருஷம் கொழுந்து எடுத்தவர். எஸ்டேட்டில் பெயரெல்லாம் வீட்டோடு சரி. மலைக்குப் போனால் நம்பர்தான். பதிவேட்டில் என்ன நம்பரோ அதுதான் ஆள். மதினி நானூற்றுப் பதினேழு. கத்திரிப் பிடியிலும் மண்வெட்டிக் காம்பிலும், கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்த நம்பரைச் சூடு போட்டு வைப்போம். கொழுந்து லாரியின் டயரில்கூட எஸ்டேட் நம்பர் சூடு போட்டிருக்கும். சூடு போடாத சாமான் கைமாறிவிடும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஐம்பத்தெட்டு வயதில் மதினி வேலையிலிருந்து நின்றார். மருமகள் வேலைக்குச் சேர்ந்ததால் லயத்து வீடு கையை விட்டுப் போகவில்லை. நம்பர் போய்விட்டது. மறு வாரமே அதை ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் மதினி ரேஷன் அரிசியோடு எடை போடும் இடத்தைத் தாண்டி வருகிறார். கங்காணி, "நானூத்திப் பதினேழு" என்று கூப்பிட்டார். இவர் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "இந்தா வாரேன்" என்று கையைத் தூக்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அழுதார் என்று அண்ணன் சொன்னார்.

நின்றபோது கிடைத்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மிச்சத்துக்குத் தவணை போட்டு, மதினிதான் அந்தப் புதுக் காரை எடுக்க வைத்தார். அண்ணன் சொந்த வண்டியில் டூரிஸ்ட் ஓட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. வண்டி எடுத்த அன்று முன் சீட்டில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றார்.

"முப்பத்து நாலு வருசம் நடந்தாச்சு. மொதலாளி மாதிரிப் பின்னால உக்காந்து பாக்கேனே" என்றார்.

முதல் சர்வீஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, ஷோரூம்ல நம்மள உள்ள விட மாட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்கார வச்சு காப்பி குடுப்பான். அந்தப் பக்கம் புது டயரக் கழத்திட்டுப் பழச மாட்டுனா யாரு கண்டா?"

இது டீக்கடையில் கேட்ட பேச்சு. அப்படி மாட்டியதை நானும் பார்த்ததில்லை, சொன்னவனும் பார்த்ததில்லை. அண்ணன் அடுப்பில் கம்பியை வைத்தார். நான்கு டயரின் பக்கவாட்டிலும் பொறுமையாக 417 என்று சூடு போட்டார். ரப்பர் நாற்றத்துக்கு மதினி வெளியே ஓடி வந்தார். "புதுப் பொருளுக்குப் போயிச் சூடு போடுதீகளே, கூறு இருக்கா?" என்று சத்தம் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததும் சத்தம் நின்றுவிட்டது. குனிந்து ஒற்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத யாருக்கும் தூக்கிக் குடுக்க முடியாதுல்ல?"

"யாருக்கும் குடுக்க முடியாது" என்றார் அண்ணன்.

மறுநாள் மூன்று பேரும் அடிவாரத்து ஷோரூமுக்குப் போனோம். ஃப்ரீ சர்வீஸ் என்று நம்பி வெறுங்கையோடு போயிருந்தோம். பில் வந்தது. கவுண்டரில் இருந்த பாஸ்கல் நல்ல மனுஷன். புத்தகத்தைத் திருப்பி விரல் வைத்துக் காட்டினார்.

"லேபர் மட்டும்தான் ஃப்ரீ, சேட்டா. ஆயிலு, ஃபில்டர், சில்லறைச் சாமான் எல்லாம் உங்க செலவு. வெளிய எங்கயும் சர்வீஸ் செய்ய வேண்டாம், வாரண்டி போயிடும்."

"சோறு ஓசி, எலைக்கும் தண்ணிக்கும் காசுங்குற கதையால்ல இருக்கு" என்றார் மதினி. பாஸ்கலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் பக்கத்து ஸ்டாண்டில் தெரிந்தவனிடம் பணம் புரட்டி வந்தேன். டயர் நான்கும் எங்கள் டயர்தான். யாரும் எதையும் மாற்றவில்லை.

நாலாம் மாதம் மதினிக்கு நெஞ்சுவலி வந்தது. பின் சீட்டில் படுக்க வைத்து, நான் தலையை மடியில் தாங்கிக்கொள்ள, அண்ணன் அடிமாலி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் டயர் கிறீச்சிட்டது. "மெதுவாப் போங்க, புது டயரு தேயும்" என்று மதினி இரண்டு தடவை சொன்னார். அன்று ஒருநாள்தான் அண்ணன் மதினியின் சொல்லைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றுதான், கேட்காமல் போனதும் ஒன்றுதான். மூன்றாம் நாள் மதினி போய்விட்டார்.

அதன் பிறகு அண்ணன் வண்டியை இன்னும் ஒழுங்காகப் பார்த்தார். சர்வீஸ் தேதி தவறியதில்லை. தினமும் நான்கு டயரையும் ஈரத்துணியால் துடைப்பார், நம்பர் தெரிகிற இடத்தில் கொஞ்சம் கூடுதலாக. மழை வந்தது. டூரிஸ்ட் நின்றது. ஒரு தவணை கட்ட முடியவில்லை. இன்னொன்று தவறினால் வண்டியை எடுத்துக்கொள்வதாக ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அந்த நேரம் பார்த்து இடது முன் டயர் ஒரு பக்கம் வீங்கிக்கொண்டது. ஸ்டெப்னியாகக் கொடுத்திருந்தது சின்ன அளவு, அவசரத்துக்கு மட்டும்தான் ஆகும். அதைப் போட்டு வாடகைக்கு ஓட்ட முடியாது.

பாஸ்கல் டயரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். டயருக்கு வாரண்டி கொடுப்பது கார் கம்பெனி இல்லை, டயர் கம்பெனியாம். அவர்கள் ஆள் வியாழக்கிழமை வருவாராம். தயாரிப்பில் குறை என்று அவர் எழுதினால், தேய்மானத்துக்குச் சின்னத் தொகை கட்டிப் புது டயர் வாங்கிக்கொள்ளலாம்; பழையதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

"ஆனா இந்தச் சூடு" என்று குரலைத் தணித்தார். "கஸ்டமர் வச்சதுன்னா தள்ளிருவாங்க, சேட்டா."

வியாழக்கிழமை போகும்போது வழியெல்லாம் அண்ணனுக்குப் பாடம் நடத்தினேன். "எடுக்கும்போதே இருந்துச்சுன்னு சொல்லிருங்க. இல்லைன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. ஒத்த வார்த்த. வண்டி தப்பிச்சிரும்." அண்ணன் வளைவுகளைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

டயர் கம்பெனி ஆள் பெயர் சிஜு, சின்ன வயது. டயரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். ரிம்மில் அடி இல்லை, குழியில் விழுந்த தடமும் இல்லை. உள்நூல் விட்டிருக்கிறது, கம்பெனிக் குறைதான் என்று அவரே சொன்னார். எனக்கு உயிர் வந்தது. பிறகு டயரை உருட்டி மறுபுறம் திருப்பினார்.

"இது என்ன நம்பர்?"

நான் முந்திக்கொண்டு, "எடுக்கும்போதே இருந்துச்சு சார்" என்றேன்.

சிஜு என்னைப் பார்க்கவில்லை. "ஓனர் சொல்லட்டும். வீக்கம் இதனால வரல, எனக்குத் தெரியும். ஆனா ரூல் உண்டு. சேட்டா, இது நீங்க போட்டது இல்லதானே? யாரோட நம்பர்னு தெரியாதுதானே?" என்று அவரே 'இல்லை' என்று தலையசைத்துக் காட்டினார். அந்தப் பையன் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? பேனா காகிதத்தின் மேல் தயாராக இருந்தது.

அண்ணன் அந்த நம்பரைப் பார்த்தார். நான் அவர் முதுகில் கிள்ளினேன்.

"தெரியும் சார்" என்றார். "ராமலட்சுமி நம்பரு. எம் பொண்டாட்டி. நாந்தான் போட்டேன்."

சிஜு அதை அப்படியே எழுதினார். வாரண்டி இல்லை என்று ஆகிவிட்டது. நிராகரித்த டயர் சொந்தக்காரருக்கே திரும்பும் என்பதால் அதைத் தூக்கி எங்கள் டிக்கியில் வைத்தார்கள். வரும்போது அண்ணனை நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் என் வாயைத் தைக்கத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "அவளத் தெரியாதுன்னு எப்படிலே சொல்லுவேன்?" என்றார். 

அந்த மாதத் தவணைக்கு வைத்திருந்த பணத்தில் புது டயர் வாங்கினார். ஓடினால்தானே வருமானம். மழை விடவில்லை. என் ஜீப்பும் சும்மா நின்றது, என்னால் ஒன்றும் கொடுக்க முடியவில்லை. நாற்பது நாளில் இரண்டு பேர் வந்து கையெழுத்து வாங்கி, வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். அண்ணன் முந்தின நாளே வண்டியைக் கழுவி, நம்பர் போட்ட மூன்று டயரையும் துடைத்து வைத்திருந்தார்.

இப்போது அவர் மறுபடி அடுத்தவர் ஜீப் ஓட்டுகிறார். வீங்கின டயர் அவர் வீட்டுச் சுவரில், நம்பர் வெளியே தெரியும்படி சாய்ந்திருக்கிறது. போன வாரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிச்சிருங்க அண்ணே என்று சொல்லத்தான் போனேன், வரவில்லை. பேச வேண்டிய இடத்தில் மட்டும் இந்த வாய்க்குப் பேச்சு வராது.

அவர்தான் பேசினார்.

"யாருக்கும் குடுக்க முடியாதுன்னு அவகிட்டச் சொன்னேன், முனீசு. மூணக் குடுத்துட்டேன்."