சித்தியின் கட்டைவிரல்

அந்தப் பிடியில் ஒரு துளை இருக்கும். கட்டைவிரலை வைத்தால் சரியாக அடைபடும் அளவு. அதைக் கையில் பிடித்து வருடக்கணக்காகிவிட்டது, ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் கட்டைவிரல், அங்கே இல்லாத துளையைத் தேடித் தடவிக்கொண்டிருக்கிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், மக்காச்சோளக் காட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட முட்டை அட்டைக் கம்பெனியில் எங்களுக்கு வேலை. பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கி, அச்சில் பிடித்து, முட்டை அடுக்கும் அட்டையாக்குவோம். அச்சில் புதிதாய் எழும் அட்டை பாதி வெந்த இட்லி மாதிரி, தொட்டால் விரல் உள்ளே போய்விடும். அதைத் தூக்கத்தான் அந்தக் கருவி. ஒரு பிடி, அதன் அடியில் ரப்பர் வாய், பின்பக்கம் காற்றை இழுக்கும் மோட்டாருக்குப் போகும் குழாய். துளையைக் கட்டைவிரலால் மூடினால் ரப்பர் வாய் அட்டையைக் கவ்விக்கொள்ளும். காயப்போடும் சட்டத்துக்கு மேலே கொண்டுபோய் விரலை எடுத்தால் அட்டை இறங்கிவிடும். நாங்கள் அதை வேக்கம் என்போம். விரலைச் சீக்கிரம் எடுத்தால் அட்டை கீழே விழுந்து நசுங்கும், நேரம் கழித்து எடுத்தால் ரப்பர் அழுந்தி ஓட்டை விழும். எப்போது எடுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

சித்தி என்றால் என் அப்பாவின் தம்பி பெண்டாட்டி. கீழப்பழுவூரில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே வாசல், ஒரே அடிபம்பு. அம்மா செத்த பிறகு என்னைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டவள் அவள்தான். ஈரக் கொட்டகைக்கு அவள்தான் சூப்பர்வைசர். இடக்கைக்காரி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயில் பச்சரிசியை மென்றபடி, இடக்கையில் வேக்கத்தைப் பிடித்து அட்டையை எடுத்து வைப்பாள் பாருங்கள், சட்டத்தில் அது இறங்கும் சத்தமே கேட்காது. அந்தக் கையைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். குறையெல்லாம் மனசில். அட்டையைக் கிழித்தவளை அவள் திட்ட மாட்டாள். கிழிந்த அட்டையை அவள் தலையிலேயே கவிழ்த்து, "கிரீடம் வெச்சுருக்கேன், காயிற வரைக்கும் எடுக்கப்படாது" என்பாள். கூழ் காய்ந்து முடியோடு ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் பிய்த்தெடுக்கும்போது கொத்துக் கொத்தாக முடி வரும், அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆலத்தியூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருத்தி வாயும் வயிறுமாக இருந்தாள், அவளுக்கும் அதே கிரீடம்தான். கூடச் சேர்ந்து சிரிக்காதவளுக்கு அடுத்த கிரீடம் என்பதால் எல்லோருக்கும் சிரிப்பு வரும்.

எனக்கு அவள் வைத்திருந்த வேலை வேறு. கூழ்த் தொட்டியின் அடியில் உள்ள சல்லடை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஊறி அழுகிய பேப்பர் நாற்றம் இருக்கிறதே, அதை எழுதிக் காட்ட முடியாது. யாராவது ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகக் குனிந்து கையால் அடைப்பை வாரி எடுக்க வேண்டும். "ஒனக்குத்தாண்டி மூச்சு நீளம், நீ குனி" என்பாள் சித்தி. உண்மைதான், எனக்கு நீளம். மற்றவர்கள் பாதியில் எழுந்து குமட்டுவார்கள். நான் வேலை முடித்துத்தான் நிமிர்வேன். அது ஒரு பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்த கழுதை நான்.

கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் கூடிவரும் பெண்ணின் முன்கையில் வேக்கத்தை வைத்துத் துளையை மூடி, "மாப்ள பேரச் சொல்லு, எடுக்குறேன்" என்பார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவன் பெயரை வாயால் சொல்ல எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கூசும். அவள் நெளிவாள், காலை உதறுவாள், கடைசியில் வாய்க்குள் முணுமுணுப்பாள், விட்டுவிடுவார்கள். கையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும், வீடு போய்ச் சேருவதற்குள் மறைந்துவிடும். அதற்கு மாப்பிள்ளை முத்தம் என்று பெயர். ஒரு தடவை யாரோ விளையாட்டாகப் புதிதாய் வந்தவளின் காதில் வைத்துவிட, காதுக்குள்ளிருந்து ரத்தம் வந்துவிட்டது. முதலாளி கொட்டகைக்கே வந்து நின்றார். "இனிமே எவளாச்சும் வேக்கத்த வெச்சு வெளையாடுனான்னு என் காதுல வுழுந்துச்சு, மொதல்ல வூட்டுக்குப் போறது சூப்பர்வைசர்தான்" என்றார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வழக்கம் நிற்கவில்லை. வாசலில் ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுச் செய்தார்கள், அவ்வளவுதான்.

எனக்குச் செந்துறையிலிருந்து வரன் வந்தது. கொண்டுவந்தவர் கம்பெனிக் கணக்குப்பிள்ளை. அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போய் அப்படியே போனவர்கள். செந்துறை மாப்பிள்ளை மட்டும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கூழ் நாத்தத்துல எப்புடிங்க நாள் பூரா நிக்கிறீங்க, தல வலிக்காதா?" அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பெற்ற அப்பாகூடக் கேட்டதில்லை. இப்போது என்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு கேள்விக்கே அவர்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு, அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு, அந்தத் தொட்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அவர்கள் வீட்டார் பூ வைக்க வருவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் சிரித்தபடி முன்கையை நீட்டினேன். "கையிலயா குடுப்பான் முத்தம்" என்று சொல்லிக்கொண்டே சித்தி என் பின்னலைத் தூக்கி, காதுக்குப் பின்னால் கழுத்தில் வேக்கத்தை அழுத்தித் துளையை மூடிவிட்டாள். "மாப்ள பேரச் சொல்லு, எடுக்குறேன்." எனக்கு வாய் வரவில்லை. கூச்சம் பாதி, வீம்பு பாதி. எத்தனை நேரம்தான் பிடித்திருப்பாள் பார்க்கலாம் என்று தொட்டியில் குனிவது மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழுத்துச் சதை ரப்பருக்குள் ஏறியது. கண்ணில் நீர் வந்ததும், "சித்தி, வலிக்குது, எடு" என்றேன். "பேரு?" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். "வுட்டுடுக்கா, நாளைக்குப் பூ வைக்க வராங்க" என்றாள் ஒருத்தி. "அவளுக்கு மூச்சு நீளம், தாங்குவா" என்றாள் சித்தி. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. அரிசியை மென்றுகொண்டே இருந்தாள். காவலுக்கு நின்றவள் முதலாளி கார் வருகிறது என்று சொன்ன பிறகுதான் கட்டைவிரலை எடுத்தாள்.

விடிந்தபோது அந்த இடம் நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்தது மாதிரி கன்றிப்போயிருந்தது. பவுடரை அப்பினேன், பின்னலைத் தளரப் போட்டு மறைத்தேன். கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அக்கா மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து என் முடியை ஒதுக்கினாள். அவள் கை நின்றது எனக்குத் தெரிந்தது. சரத்தைத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்துவிட்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தம்மா என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "இது என்னம்மா?" என்றாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். நல்ல மனுஷிதான், நம்பத்தான் பார்த்தாள். வெளியே வந்து எல்லோர் முன்னாலும் சித்தியிடம் கேட்டாள்: "நீங்கதான அங்க சூப்பர்வைசரு. கம்பெனியில ஏதோ வேக்கமாம், கழுத்துல வெச்சா இப்புடி ஆவுமாம். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நாங்க பூவ வெச்சுட்டுப் போறோம்."

எதிர் நாற்காலியில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தால் முதலாளி காதில் விழுந்த மாதிரிதான். சித்தி அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில்கூட அவள் சொல்லிவிடுவாள் என்றே நான் நம்பினேன், சத்தியமாக நம்பினேன். அவள் இடக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "எங்க வேக்கம் ஈர அட்டயத்தாங்க தூக்கும். அது எதுக்குங்க வயசுப் புள்ள கழுத்துக்குப் போவுது" என்றாள். அவ்வளவுதான். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வாசலில் நின்று தலையைக் குனிந்தபடி செருப்பை மாட்டினார். அன்றைக்கு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பா என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்தினார். சாகும் வரை என்னிடம் பேசாமலேயே போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் வேனில் சித்தி நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். "ஒக்காரு, சீசன் நேரம், அட்ட தேங்கிக் கெடக்கு" என்றாள். மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது. பிறகு வந்த புதிய பெண்களுக்கு அவளே என் கதையைச் சொன்னாள், "பாவம், வயசுக் கோளாறு" என்று இரக்கப்பட்டு வேறு சொன்னாள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரும் பக்கத்திலேயே நின்று அட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவரவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. நானும் எங்கே போவது? அதே கொட்டகை, அதே தொட்டி, அதே குனிவு. அதற்குப் பிறகு செந்துறை பஸ் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன், இன்றைக்கும் அப்படித்தான்.

கம்பெனிக்குப் புது மிஷின் வந்தது. அதன் உறிஞ்சும் தட்டு வரிசையாக அட்டைகளைக் கவ்வித் தானே பெல்ட்டில் இறக்கிவிடுகிறது, விரலுக்கு அங்கே வேலை இல்லை. கை வேக்கங்களையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதே வாரம் சித்தியையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என் வாழ்க்கையை வாரிக் கொட்டினாளோ அந்த வேலை. அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி மென்றுகொண்டிருப்பாள், நான் வேனுக்குப் போவேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் அடிபம்பருகே விழுந்தாள். வலப்பக்கம் சுத்தமாகப் போய்விட்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள், தொண்டையில் ஒரு துளை போட்டு. பேச்சு இல்லை. துளை வழியாகத்தான் மூச்சு. அதில் சளி சேரச் சேரக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூச்சு அடைத்துப் போய்விடும். திருப்பூரிலிருந்து வந்த மருமகள் ஒரு தடவை பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள், சித்தி மகனையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். சித்தப்பாவுக்குக் கை நடுக்கம். மிச்சம் இருந்தது நான்.

நர்ஸம்மா அந்தக் குழாயை என் கையில் கொடுத்தாள். மெல்லிய குழாய், அதன் தலைப்பில் ஒரு துளை. துளையைக் கட்டைவிரலால் மூடினால் மிஷின் இழுக்கும், எடுத்தால் நிற்கும். என் விரல் யாரும் சொல்லாமலே போய் அதில் உட்கார்ந்தது. "முன்னாடியே பழக்கமாக்கா?" என்றாள் நர்ஸம்மா. "ஆமாங்க, சித்திதான் பழக்கி வெச்சாங்க" என்றேன். கட்டிலில் கிடந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். "உறிஞ்சுற நேரத்துல அவங்களால மூச்சு வுட முடியாதுக்கா. அதனால நீங்களும் ஒங்க மூச்சப் புடிச்சுக்குங்க. ஒங்களுக்கு முட்டுறதுக்குள்ள வெரல எடுத்துடணும், அதான் அளவு" என்று சொல்லிக்கொடுத்தாள் அந்தப் பெண். எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதைத்தான் எனக்கும் சொன்னாள், அவளுக்கு என்ன தெரியும்.

கீழப்பழுவூரில் இப்போது எனக்கு நல்ல பெயர். பெற்ற பெண்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்கிறார்கள். அந்தக் கழுத்துக் கதையைச் சொல்லிச் சொல்லி என்னை ஒதுக்கிய அதே வாய்கள்தான். உண்மையாகவே நன்றாகத்தான் பார்க்கிறேன். துடைத்துவிடுகிறேன், புரட்டிப் போடுகிறேன், அவளுக்குப் படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை. காலையில் சளி கட்டியிருக்கும். மிஷினைப் போடுகிறேன், குழாயைத் தொண்டைத் துளைக்குள் இறக்குகிறேன், கட்டைவிரலை வைக்கிறேன். நர்ஸம்மா சொன்னபடியே நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். சளி வந்துவிடுகிறது. சித்தியின் கண் என் முகத்தைப் பார்க்காது, விரலைத்தான் பார்க்கும். "சொல்லு சித்தி, எடுக்குறேன்" என்கிறேன். அவள் உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. முகம் சிவந்து கருக்கத் தொடங்குகிறது. எனக்கு இன்னும் முட்டவில்லை, எனக்கு மூச்சு நீளம், அவளே சொன்னதுதான். அப்போது உயிருள்ள அந்த இடக்கை மெத்தையில் துழாவும், அதன் கட்டைவிரல் மெதுவாக மேலே எழும். முதலில் அவள் விரல் எழ வேண்டும். அப்புறம்தான் என்னுடையது.