சர்வர் அக்காவின் அஞ்சல்பெட்டி

அலுவலகத்தின் நிரல்களை வைத்திருக்கும் சர்வரைக் கட்டிக்காப்பவள் என்பதால் அவளுக்கு சர்வர் அக்கா என்று பெயர். நிரலில் யார் கைவைத்தாலும் சர்வர் அனுப்பும் மின்னஞ்சல் அறிவிப்பு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, அதில் தன் சொந்த முகவரியைப் போட்டவள், எடுக்க மறந்துவிட்டாள். யாராவது ஒரு வரி திருத்தினால் ஒரு கடிதம், தும்மினால் இன்னொன்று. மூன்றே வாரத்தில் அஞ்சல்பெட்டிக்கு மூச்சு முட்டியது.

மகளுக்கு இடம் கேட்டிருந்த கல்லூரிக்குப் போன் செய்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

“இடம் கிடைச்சிருக்குன்னு மூணு தடவை அனுப்பினோம்மா. பெட்டி நிறைஞ்சிருக்குன்னு திரும்பி வருது. அஞ்சு மணிக்குள்ள சம்மதம் வரலைன்னா இடம் வேற பிள்ளைக்குப் போயிடும்.”

மணி நாலு நாற்பது. அவள் ஆயிரம் கடிதம் அழித்தால் ஆயிரத்து இருநூறு வந்து விழுந்தது. கண்ணீர் முட்டியது.

“குழாயை மூடாம தரையைத் துடைக்கிறீங்களே அக்கா!” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

சர்வரில் அறிவிப்பு முகவரியை மாற்றும் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். முகவரியைக் காலியாக விடமாட்டேன் என்று அது அடம்பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு மேலாளரின் முகவரியைப் போட்டுச் சேமித்தாள். வெள்ளம் நின்றது. பெட்டியில் கிடந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டுக் கல்லூரிக்கு மறுபடி போன் போட்டாள்.

“இன்னொரு தடவை அனுப்புங்க சார், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

நாலு ஐம்பத்தெட்டுக்குக் கடிதம் வந்தது. ‘சம்மதம்’ என்று அடித்து அனுப்பினாள்.

உள்ளறையிலிருந்து மேலாளர் அலறினார்: “யாரும்மா என் பெட்டிக்குள்ள ஊரையே குடிவச்சது?”