எத்தனை நூல், தம்பி?

ஒருவன் திருடன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகத்துக்கே இடமில்லை, ஆதாரம் கையில் இருக்கிறது. அதன் பிறகும் அவனோடு தினமும் பேசிக்கொண்டிருப்பீர்களா? எனக்கென்ன பைத்தியமா என்பீர்கள். ஓவர்லாக் அக்காவுக்கும் பைத்தியம் இல்லை.

துணியின் வெட்டிய விளிம்பு பிரிந்துவிடாமல் நூலால் பின்னிக் கட்டுகிற தையலுக்கு ஓவர்லாக் என்று பெயர். தெருவிலிருந்த தையல்காரர்கள் எல்லாரும் விளிம்பு அடிக்க அக்காவிடம்தான் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் கட்டில், நடுவில் யார் யாருடைய உடைகளோ குவிந்து கிடக்கும். கணவர் என்று ஒருவர் இருந்தார். இப்போது வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு இருக்கிறார். கூடப்பிறந்த தம்பி ஒருவன் உண்டு. அக்கா எதை எழுதி அனுப்பினாலும் உயர்த்திய கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்புவான். காய்ச்சல் என்று எழுதியதற்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது.

அந்த மெஷின் ஒருநாள் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தண்டு உடைஞ்சு போச்சுக்கா. இந்த மாடலுக்கு சாமான் வர்றதே நின்னு போச்சு. பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுங்க."

"டாக்டர்கூட இவ்ளோ சீக்கிரம் கைவிரிக்க மாட்டாருப்பா."

புதிய மெஷின் வாங்க வழியில்லை. சேமிப்பு ஒரு பழைய மெஷினுக்குத்தான் போதும். அதில் ஏமாந்தால் மறுபடி முயல எதுவும் மிஞ்சாது. வேலை அடுத்த தெருவுக்குப் போய்விடும். அக்கா போனில் ஏலத் தளத்தைத் திறந்தார். அவருடையதைப் போலவே மூன்று நூலால் பின்னுகிற பழைய மெஷினை இரண்டு பேர் விற்பனைக்கு வைத்திருந்தார்கள்.

கீழ்க்கடையில் கோட்டு தைக்கும் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இவனுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கு. அப்புறம் என்ன யோசனை?"

"நட்சத்திரம் பொருந்துதுன்னு சொல்லித்தான் என்னையும் கட்டி வச்சாங்க, மாஸ்டர்."

மாஸ்டர் காணாமல் போகாத கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தார்.

அக்கா நட்சத்திரத்தை விட்டுவிட்டு, அதைக் கொடுத்தவர்களைப் படித்தார். ஐந்து நட்சத்திரக்காரனைப் புகழ்ந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் புகழ்ந்திருந்தார்கள். அவர்கள் வாங்கியதெல்லாம் பட்டன், போன் உறை, சாவி வளையம். சில்லறைச் சாமானில் சேர்த்த நல்ல பெயரை ஒரு மெஷினில் காசாக்கப் பார்க்கிறான். நூறு பேர் சொன்னால் பொய் உண்மையாகிவிடுமா? சொன்னது யார், எப்போது, எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்கத்தான் நமக்கு மூளை இருக்கிறது. அக்கா கேட்டார்.

மற்றவனுக்குப் பாராட்டு குறைவு. ஒருவர் கோபமாகக்கூட எழுதியிருந்தார்: 'மேஜைக்கால் ஆடுகிறது. ஆடும் என்று முன்பே சொன்னார்தான், இருந்தாலும் எரிச்சலாக இருக்கிறது.' அக்கா அந்த வசவை இரண்டு முறை படித்தார். இதைவிட நல்ல சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

இரண்டு பேரிடமும் ஒன்றையே கேட்டார். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் ஒரு விளிம்பு அடித்து, துணியை மெஷின் மேலேயே வைத்துப் படம் அனுப்ப வேண்டும். தனக்குக் கண் எரிகிறது, படம் தெளிவாக இருக்கட்டும் என்றும் சேர்த்து எழுதினார்.

கோணலான படம் ஒன்று வந்தது. தையலும் கொஞ்சம் கோணல். கீழே ஒரு வரி: 'அடி நூல் தளர்கிறது. சரிசெய்ய வேண்டியிருக்கும்.' வணக்கம்கூட இல்லை.

ஐந்து நட்சத்திரக்காரன் வேறு மாதிரி. "அக்கான்னு கூப்பிடலாமா? உங்க எழுத்தைப் பார்த்தா என் சொந்த அக்கா ஞாபகம் வருது." பிறகு ஒரு படம். அழகான தையல், துணி மட்டும்தான், மெஷின் இல்லை. தையலில் ஊசி ஓடிய தடம் இரண்டு வரிசையாக இருந்தது. மூன்று நூல் மெஷினில் ஊசி ஒன்றுதான். தடமும் ஒன்றுதான் விழும். எங்கிருந்தோ திருடிய படம்.

அக்காவுக்கு அது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் விரல் எழுதியது வேறு: "ரொம்ப நல்லா இருக்கு தம்பி."

ஏனென்றால் படத்துக்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. "கண்ணு எரியுதுன்னு சொன்னீங்களே, இப்போ எப்படி இருக்கு?"

யாரும் அதைக் கேட்டதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் போன் ஒருமுறை துடிக்கும். வேலை முடிஞ்சுதா அக்கா? மாடிப்படி ஏறி இறங்குறது முட்டிக்கு ஆகாதே. அக்கா பதில் எழுதுவார். ஓடாத மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு மெஷின் இருப்பதாகப் பொய் சொல்லும் ஒருவனுக்குத் தன் நாளைச் சொல்லுவார். நடுநடுவே அவன், "தளத்துல வேண்டாம்க்கா, கமிஷன் வீணாப் போகும். எனக்கே நேரா அனுப்பிடுங்க" என்பான். அக்கா அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மற்றவனுடைய ஏலம் முடிய இருந்தது. தெரியாத யாரோ ஒருவர் அக்காவின் விலைக்கு மேல் கேட்டிருந்தார். அக்காவிடம் ஏலத்தில் இன்னும் ஒரு படி ஏறுகிற அளவு பணம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் துடித்தது.

"அக்கா, இன்னைக்கே அனுப்புனா நாளைக்கே வண்டியில ஏத்திடுவேன். வேற எதுலயும் ஏமாந்துடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா ஏலத்தில் மிச்சமிருந்த நேரத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

"தம்பி, உங்க மெஷின் எத்தனை நூல்?"

பதில் உடனே வந்தது. "உங்களுக்கு எத்தனை வேணுமோ அத்தனை நூல்க்கா."

அக்கா சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தது அந்த அறைக்கே புதிதாக இருந்தது. சுவரில் பட்டு யாரோ சிரித்தது போலத் திரும்பி வந்தது. சிரித்த முகத்தோடே மற்ற ஏலத்துக்குப் போய், தன் கடைசிப் படியை ஏறினார். நேரம் முடிந்தது. மெஷின் அவருக்கு.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஐந்து நட்சத்திரக்காரனின் பக்கத்தில் இன்னும் சிலர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிலும் கண் எரிகிறவர்கள் இருப்பார்கள். அக்கா கோணல் படத்தையும் அவன் அனுப்பிய திருட்டுப் படத்தையும் சேர்த்துத் தளத்துக்குப் புகார் அனுப்பினார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் அந்தத் தளம், விதிமீறல் எதுவும் தெரியவில்லை என்று பதில் அனுப்பியது. அக்கா மறுபடி அனுப்பினார். மறுபடியும். கடைசியில் ஒருநாள் அவன் பெயர் இருந்த இடத்தில் 'இந்தப் பயனர் இல்லை' என்று வந்தது. இருவரும் எழுதியவை எல்லாமே அவனோடு போய்விட்டன.

கூடப்பிறந்த தம்பிக்கு விஷயம் தெரிந்து, அதிசயமாகக் கூப்பிட்டான். "திருடன்னு தெரிஞ்சும் ஏன்க்கா பேசிக்கிட்டே இருந்தே? அறிவிருக்கா உனக்கு?"

"அறிவு இருந்ததாலதான்டா மெஷின் வந்துச்சு" என்றார் அக்கா. முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை.

மெஷின் சொன்னபடியே இருந்தது. அடி நூல் தளர்ந்தது, அக்கா இறுக்கினார். விற்றவனுக்கு 'வந்து சேர்ந்தது, நன்றி' என்று எழுதினார். 'சரி' என்று பதில் வந்தது. நாணயமான மனிதன், அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்க்க என்ன நியாயம்?

இப்போது ஜன்னலோரம் மறுபடியும் மெஷின் ஓடுகிறது. சாயங்காலம் அதை நிறுத்தியதும் அக்காவின் கை தானாகப் போனை எடுக்கிறது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிறார்.

ஏமாந்தவர்களைப் பார்த்து 'அறிவிருக்கா' என்று கேட்கிறோம். அக்காவிடம் அறிவு இருந்தது, ஆளில்லை. அந்த இடம் காலியாக இருப்பதை முதலில் கண்டுபிடிப்பவன் திருடன்தான். உங்கள் போனிலும் இப்படி ஒரு அக்காவோ அண்ணனோ, நீங்கள் வெறும் கட்டைவிரலை அனுப்பிவைத்த யாரோ ஒருவர் இருப்பார். இன்று சாயங்காலம் அவரைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்ததா, கண் எப்படி இருக்கிறது என்று திருடன் கேட்பதற்குள் நீங்கள் கேட்டுவிடுங்கள்.