கவரின் மேல் ஒரு வரி

"சகல நன்மைகளுக்காகவும்னு நான் எழுத மாட்டேன். இன்னா நன்மைன்னு சொல்லு" என்று பெரியவர் சின்னப்பையனை மடக்கி வைத்திருந்தார் சுகிர்தா. கிறிஸ்துமஸ் காலை, ஆராதனைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கோயில் வாசலில், பூவரச மரத்தடியில், கவிழ்த்த பெயிண்ட் வாளியின் மேல் அவர் உட்கார்ந்திருக்க, கையில் காணிக்கைக் கவரோடு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

உத்திரமேரூருக்குத் தெற்கே இருக்கிற இந்தச் சின்னக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷத்தில் எதற்காக நன்றி என்று கவரின் மேல் ஒரு வரி எழுதித் தட்டில் போட வேண்டும். உபதேசியார் அதைச் சபை கேட்க வாசிப்பார். எழுத வராதவர்களுக்குச் சுகிர்தா எழுதிக் கொடுக்கிறார். விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவர். நாற்று நட்டு நட்டுக் கட்டைவிரல் வெடித்துப்போய்த் துணி சுற்றியிருக்கும். ஆனாலும் எழுத்து கோணாது. எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டி "சர்தான?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை மூடுவார்.

சின்னப்பையன் தலையைச் சொறிந்தார். "மருமவ பேசறா. ஆடி மாசத்துலேர்ந்து மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருந்தா."

"அப்டி சொல்லு."

'மருமகள் மறுபடியும் பேசத் தொடங்கியதற்காக' என்று எழுதியாயிற்று. உபதேசியார் வாசிக்கும்போது மருமகளும் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கவரைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். சுகிர்தா தரவில்லை.

நான் இந்த ஊருக்கு மருமகன். படித்தவன் என்ற மிதப்பில் 'எல்லாவற்றுக்காகவும்' என்று நானே எழுதிக்கொண்டு போன கவரை ஒரு வருஷம் சுகிர்தா என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "எல்லாத்துக்கும்னா இன்னா மாப்ள? ஒண்ணையும் நெனச்சிப் பாக்கலன்னு அர்த்தம்." எனக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே நான் ஒன்றையும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. டிசம்பர் பிறந்தால் ஊரே ஸ்டார் கட்டும், ஸ்பீக்கர் வைக்கும், கேக்குக்கு ஆர்டர் கொடுக்கும். அதற்கெல்லாம் சுகிர்தா குறுக்கே நிற்பதில்லை. "அது பாட்டுக்கு அது நடக்கட்டும். ஆண்டவரு கிட்ட இன்னா சொல்லப் போற?" என்பார், அவ்வளவுதான்.

வழக்கமாக அவருடைய கவர்தான் முதலில் தயாராக இருக்கும். இந்த வருஷம் அது வெறுமையாகப் பாட்டுப் புத்தகத்தின் அடியில் கிடந்தது. சித்திரையில் அவர் கணவர் சாம்சன் சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். சுகிர்தாவின் போனில் அதற்கு அலாரம் உண்டு. நடவில் இருக்கும்போது வரப்பில் அது அடிக்கும், சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடுவார். ராத்திரியும் அதே கணக்குதான். எட்டு மாதமாக அந்தக் கண்களில் சிவப்பு போகவில்லை.

கடைசியாக வந்தவர் செங்கேணி. ஊர்க் கோடியில் இருளர் குடியிருப்பில் இருக்கிறார், சுகிர்தாவோடு நடவுக்குப் போகிறவர். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் கோயிலுக்கு வருவார்.

"வூட்ல அல்லாரும் நல்லா கீறாங்க, அதுக்கு எழுதுக்கா."

"அத அல்லாரும் சொல்றாங்க. உனக்கு இன்னா?"

செங்கேணி கொஞ்சம் யோசித்தார். "களை எடுக்கசொல்ல பாம்பு கால் மேல ஏறிப் போச்சு. கடிக்கல."

அதை எழுதிப் படித்துக் காட்டிய பிறகு, சுகிர்தா தன் கவரை உருவினார். குனிந்து ஒரே மூச்சில் எழுதினார். படிக்காமலே பேனாவை மூடப் போனார்.

"படிக்கா" என்றார் செங்கேணி.

"உன்னுதுதான் படிச்சிட்டனே."

"உன்னுதப் படி."

சுகிர்தா கவரைப் பார்த்தார். "சகல நன்மைகளுக்காகவும்" என்றார், யாருடைய கவரையோ படிப்பதுபோல.

"எங்க வாயெல்லாம் புடுங்கிக்கினு, உனக்கு மட்டும் சகலமா?"

சுகிர்தா கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்குக்கூட அவரிடம் தெம்பில்லை. "தேடிப் பாத்துட்டேன் செங்கேணி. இந்த வருசம் ஒண்ணும் கெடைக்கல. வெறுங்கையா வர மனசில்ல, பொய் எழுதவும் வரல. நான் இன்னா பண்றது?"

எனக்குப் பாவமாக இருந்தது, விட்டுவிடச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. செங்கேணி விடவில்லை. வாளிக்குப் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டார். மணி அடித்தது. ஜனங்கள் உள்ளே போனார்கள். சுகிர்தா வெகுநேரம் செங்கேணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கவரைக் கிழித்துவிட்டு, வேறொன்று எடுத்து நிதானமாக எழுதினார்.

"படி."

"உள்ள படிப்பாங்க, கேட்டுக்கோ" என்று பேனாவை மூடாமலே எழுந்தார்.

பெண்கள் பக்கம், சுவரோரமாகப் பாயில் இருவரும் உட்கார்ந்தார்கள். உபதேசியார் ஒவ்வொரு கவராக எடுத்து வாசித்தார். மருமகள் பேசியதற்குச் சிரிப்பு எழுந்தது. பாம்பு கடிக்காததற்கு உரத்த ஸ்தோத்திரம் எழுந்தது. சுகிர்தாவின் கவர் கடைசியில் வந்தது.

"சகோதரி சுகிர்தா சாம்சன். இந்த மாதம் ஒன்பதாம் தேதி செங்கேணி வந்து என் கணவரைப் பார்த்துக்கொண்டதால், ஒரு ராத்திரி முழுதும் தூங்கினதற்காக."

யாரும் சிரிக்கவில்லை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சுகிர்தா செங்கேணியின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண், நீயும் எழுந்திரு என்று செங்கேணிக்குச் சைகை காட்டினாள். செங்கேணி எழுந்திருக்கவில்லை. தோளை அசைக்காமல், சுகிர்தாவின் விரல்களுக்கு நடுவில் இருந்த பேனாவை மெல்ல உருவி, மூடி போட்டுத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.