மஞ்சள் கண்ணீர்

யாராவது மஞ்சளாக அழுது பார்த்திருக்கிறீர்களா? நான் அடிக்கடி பார்க்கிறேன். அது என் வேலை. ஆனால் போன சனிக்கிழமை அந்த மஞ்சள் என்னை விரட்டிய விரட்டு இருக்கிறதே…

டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நான் டெக்னீஷியன். எங்கள் ஊரில் அந்த வார்த்தை யார் வாயிலும் நுழையாததால் 'நர்சம்மா'. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதை இங்கே எத்தனை முறை எழுதியிருப்பேன்? இன்னொரு முறை எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

அன்று காலை எங்கள் தெரு பிலோமி பெரியம்மாவின் மருமகள் செலினா தனியாக வந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம். கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் உறுத்தல். கண்ணீர் வற்றிப்போகிற நோயாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அளந்து பார்க்கச் சொன்னார்.

கண்ணீரை எப்படி அளப்பது? முதலில் சாயக் காகிதத்தை நனைத்துக் கண்ணில் தொட்டு எடுப்போம். கண்ணின் மேல் இருக்கும் ஈரப் படலம் மஞ்சளாகும். சிமிட்டாமல் நீல வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லி, அந்தப் படலம் கிழியாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ண வேண்டும். செலினாவுக்கு நான் எண்ண ஆரம்பித்ததுமே கிழிந்துவிட்டது. அடுத்து, கீழ் இமைக்குள் ஃபில்டர் காகிதத் துண்டைச் செருகி, எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்போம். ஈரம் மடித்த ஓரத்தைத் தாண்டவில்லை.

கருவிழி முழுக்கப் பொடிப் பொடியாகக் கீறல். "இந்தச் சொட்டு மருந்தைத் தவிர வேற எதுவும் கண்ணுல படக்கூடாது. புண்ணாச்சுன்னா பார்வை போயிடும்" என்றார் டாக்டர்.

"கொஞ்ச நேரம் மஞ்சளாத்தான் வரும், பயப்படாதே. வீட்லயும் சொல்லிடு" என்றேன் நான்.

"சரிக்கா."

அவள் ஒரு பஸ்ஸில் போனாள். அரை நாள் டியூட்டி முடித்து நான் அடுத்த பஸ்ஸில் போனேன். சோற்றைப் போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்.

"பிலோமி மருமவளுக்குக் காமாலையாம்டி."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? தொடச்ச கைக்குட்ட பூரா மஞ்சளாம். கண்ணு பூசணிப் பூ மாரி இருக்குதாம். மருந்து ஊத்த செல்லிப்பட்டுக்கு இட்டுகினு போயிட்டாங்க."

காமாலைக்குப் பச்சிலைச் சாற்றைக் கண்ணில் விடும் ஒரு அம்மா அங்கே இருக்கிறார். நல்ல கண்ணே அந்தச் சாற்றுக்குக் கதறும். செலினாவின் கண்ணில் கீறல்கள்…

சோற்றில் கை வைக்கவில்லை. தோளில் மாட்டிய பையோடு தம்பியின் சைக்கிளை எடுத்தேன். பின்னாலிருந்து யாரோ, "நர்சம்மாவுக்கு ஓட்டப் பந்தயமா?" என்றார்கள். மிதித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மாமியார் மடியில் தலைவைத்துச் செலினா படுத்திருந்தாள். மருந்தம்மா கையில் சாறு நிறைந்த பாலாடைச் சங்கு. குனிந்துவிட்டார்.

"ஊத்தாதீங்க!"

"வாடி நர்சம்மா" என்றார் பிலோமி பெரியம்மா. "காமாலையக் கண்டுபுடிக்கத் துப்பில்லாத ஆஸ்பத்திரிக்காரி இங்க இன்னாத்துக்கு வந்த?"

"பெரியம்மா, அது காமாலை இல்ல. நான் வச்ச சாயம்."

"காலைல வச்ச சாயம் இம்மா நேரம் நிக்குமா? புடவ சாயமே ஒரு அலசுல போயிடுது!"

"அத்தே, நான் அப்பவே…" என்று செலினா எழுந்தாள்.

"நீ சும்மா படு."

பிலோமி பெரியம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஏன் போகவில்லை?

"அலச அவ கண்ணுல தண்ணி இல்ல, பெரியம்மா. அதான் வியாதியே."

"படிச்சவ வாயி… எதையும் சொல்லும். நீ ஊத்தும்மா."

இனி பேசிப் பயனில்லை. திங்கட்கிழமை பாகூரில் நடக்கும் கண் பரிசோதனை கேம்ப்புக்காகப் பையில் வைத்திருந்த சாயக் காகிதத்தைக் கிழித்தேன். செலினா இடுப்பில் செருகியிருந்த சொட்டு மருந்தை வாங்கி அதில் நனைத்தேன். என் இரண்டு கண்ணிலும் தொட்டு வைத்தேன்.

கன்னத்தில் மஞ்சளாக வழிந்தது. "ஐயோ, இவளுக்குமா!" என்று ஒரு குரல்.

"ரெண்டு பேர் கண்ணையும் பாத்துக்கினே இருங்க. ரெண்டும் ஒரே மஞ்சதான். என் கண்ணுல தண்ணி இருக்குது, அலசிடும். என்னுது வெளுத்து அவளுது நின்னா நான் சொல்றது நிஜம். வெளுக்கலன்னா ஊத்திக்குங்க."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நல்ல கண்ணில் சாயம் சீக்கிரம் போய்விடும் — தெரியும். ஆனால் பிலோமி பெரியம்மாவின் பொறுமை அதற்குள் போய்விட்டால்? ஒரு பெண்ணின் பார்வையைக் கொண்டுபோய் என் கண்ணீரின் மேல் பந்தயம் வைத்துவிட்டேனே!

செலினா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சாற்றின் பச்சை வாசனை மூக்கைக் குத்தியது. நான் சிமிட்டினேன், சிமிட்டினேன்.

பெரியம்மா என் இமையை இழுத்துப் பார்த்தார். "மஞ்சதான்."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும். "இன்னும் மஞ்சதான். போதும், நேரமாவுது."

"இரு" என்றார் மருந்தம்மா. நான் வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

 அடுத்த முறை பெரியம்மா என் முகவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். பிறகு செலினாவின் முகவாயை. திரும்ப என்னுடையதை.

"இன்னாடி இது… இவளுது அப்டியே நிக்குது!"

மருந்தம்மாவும் குனிந்து பார்த்தார். பாலாடையை மண்ணில் கவிழ்த்தார். "இது என் வேல இல்ல. இட்டுகினு போங்க."

 பெரியம்மா மருமகளிடம் பாய்ந்தார்.

"ஏண்டி, சாயம்னு வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"சொன்னேன் அத்தே. வூட்லயும் சொன்னேன், வர்ற வழிலயும் சொன்னேன்."



நோயாளியிடம் விளக்கிச் சொல் என்றுதான் எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னேனே! ஆனால் புது மருமகளிடம் சொன்னது அந்த வீட்டில் யார் காதில் ஏறும்? கண்ணீரை மில்லிமீட்டரில் அளக்கக் கற்றுக்கொண்டேன்… ஒரு மருமகளின் பேச்சு வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று அளக்க ஒரு காகிதமும் இல்லை. இந்த வாரம் முதல், சாயம் வைத்ததும் கூட வந்தவர்களையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டுகிறேன். தனியாக வருகிறவளின் வீட்டுக்கு நானே ஒரு நடை போய்ச் சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.

செலினாவுக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவது இப்போது பிலோமி பெரியம்மாதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், எங்கள் வாசலில் ஒரு கட்டு கீழாநெல்லி — நர்சம்மாவுக்குக் காமாலையாம்!