சங்கரன்கோவில் டிரம்மரின் வலது காது

சென்ற ஆடியில் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து சங்கரன்கோவிலுக்குக் கிளம்பினேன். ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத்தானே என்று கேட்டார்கள். நான் போனது ஒரு டிரம்மரைக் கேட்க. எங்கள் கிறிஸ்தவச் சபையில் பதினைந்து வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் டிரம்ஸ் கற்றுக்கொள்ளும் ஆசை வந்து, இணையத்தில் தேடியபோது கண்ணில் பட்டவர் சாலமோன். வாரநாளில் விசைத்தறி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை சின்னச் சபை ஒன்றில் வாசிக்கிறார். யாரோ கைப்பேசியில் எடுத்த மங்கலான வீடியோக்கள்தான். ஆனால் பாட்டு மெதுவாகப் போகும்போதும் பார்க்கிறவர் கால் தானாக ஆடுகிறது. அது எப்படி என்று எனக்குப் பிடிபடவேயில்லை. செய்தி அனுப்பினேன். ஆராதனைக்கு முன்னால் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது.

மதுரையில் மாலை ஐந்தேகால் வாக்கில் கிளம்பும் செங்கோட்டை வண்டியில் ஏறினால் ஏழரை மணிக்குச் சங்கரன்கோவிலில் இறங்கிவிடலாம். ஆடி மாதம் போகிறவர்கள் அறையை முன்பே சொல்லி வையுங்கள். நான் மூன்று விடுதிகள் ஏறி இறங்கித்தான் அறை பிடித்தேன், 900 ரூபாய். காலையில் கரிவலம்வந்தநல்லூர் சாலையில் ஆறு கிலோமீட்டர் போக ஆட்டோவுக்கு 150. ஓட்டுநர் அண்ணாச்சி, சபைக்கு என்றதும் சாலமோனைத் தெரியும் என்றார். அண்ணாச்சி கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் சாலமோன் வாசிக்கிற நேரம் அந்தப் பக்கம் சவாரி வந்தால் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் போவாராம்.

தகரக் கூரை போட்ட சிறிய கட்டடம். உள்ளே சாலமோன் தனியாக இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள். வலப்பக்கமாகப் போய் ஸ்தோத்திரம் என்று வணக்கம் சொன்னேன். திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். குனிந்தபடியே டிரம்மின் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தார். என் நிழல் மேலே விழுந்த பிறகுதான் நிமிர்ந்து சிரித்தார். பிறகு குச்சியை என்னிடம் கொடுத்தார்.

"அக்கா, இங்கனயும் அங்கனயும் தட்டுங்க. ரெண்டு சத்தமும் ஒண்ணு போல இருக்கான்னு சொல்லுங்க."

தட்டினேன். ஒன்று போல இல்லை. அவருக்கு அது தெரியவில்லை என்று புரிந்ததும் குச்சியைக் கீழே வைத்தேன். என் தம்பிக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் ஒரு காது கேட்கவில்லை. சளி அடைப்பு என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மூன்று வாரம் இருந்துவிட்டான். டாக்டர் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தக் காது திரும்பவேயில்லை.

மெதுவாகக் கேட்டேன். நேற்றுச் சாயங்காலம் தறியை நிறுத்தியதிலிருந்து வலது காது மொத்தமாக அடைத்துக்கொண்டதாகவும், உள்ளே விசில் போல ஒரு சத்தம் ஓடுவதாகவும் சொன்னார். மனைவி ரூபிக்குக்கூடத் தெரியாது. தம்பி கதையைச் சொல்லி, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றேன். மதுரையில் தம்பியைப் பார்த்த டாக்டருக்குப் போன் போட்டேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இன்றே காட்டுங்கள், சத்தத்தில் உட்கார விடாதீர்கள் என்றார். சாலமோன் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு உக்காரலைன்னா பெறவு உக்காருவனான்னு பயமா இருக்குக்கா. ஆராதனை முடியட்டும். வாரேன்."

அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சிம்பல் தட்டுகளையாவது அடிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். இரண்டையும் கழற்றித் தரையில் வைத்தார். ரயிலில் தூங்குவதற்கு நான் வைத்திருந்த காதில் செருகும் நுரை அடைப்பானைக் கொடுத்தேன். இருக்கிற காதையும் அடைத்தால் எதை வைத்து வாசிப்பது என்று கேட்டார். அந்தக் காதையாவது காப்பாற்றத்தான் என்றேன். கொஞ்ச நேரம் விரலில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, இடது காதில் செருகிக்கொண்டார்.

மூங்கில் கீற்றுகளைச் சேர்த்துக் கட்டிய மெல்லிய குச்சியால்தான் அன்று முழுக்க வாசித்தார். நான் இவ்வளவு தூரம் எதற்கு வந்தேனோ அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், பயத்தோடு பார்த்தேன். முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் இழுத்தே பாடுவார்கள். மற்ற டிரம்மர்கள் என்றால் தாளத்தை அழுத்தி அவர்களை முன்னால் தள்ளுவார்கள். இவர் காத்திருந்தார். அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில்தான் பெரிய டிரம்மில் கால் விழுந்தது. அந்த ஒற்றை அடிக்காக உடம்பு ஏங்கி நிற்கிறது. கால் ஆடுவது அதனால்தான். இடது கை ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் மேல் கேட்டும் கேட்காமலும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தது. அதை எண்ண முயன்று தோற்றேன். கண் மட்டும் அந்தப் பெண்களின் உதட்டை விட்டு நகரவில்லை. சட்டை முதல் பாட்டிலேயே நனைந்துவிட்டது. பெரிய டிரம்மின் ஒவ்வொரு அடிக்கும் நான் அவர் காதைப் பார்த்தேன்.

நான்காவது பாட்டில் அது நடந்தது. சாலமோன் பாட்டை முடிக்கும் உருட்டலை அடித்துக் கையைத் தூக்கினார். அதே நேரம் போதகர் மைக்கில் பல்லவியை மறுபடி எடுத்தார். சபை பாடிக்கொண்டு போகிறது, டிரம்ஸ் இல்லை. இரண்டு மூன்று தலைகள் திரும்பின. சாலமோன் முகம் வெளிறியது. குச்சி காற்றில் நின்றது. முன்வரிசையில் ஓர் அம்மாவின் தாடை அசைவதையே பார்த்தார். ஒரு வரி போயிற்று, இரண்டாவது வரியும் போயிற்று. மூன்றாவது வரியில், அந்த அம்மா மூச்சு வாங்கும் இடத்தில், கால் சரியாக விழுந்தது. வேண்டுமென்றே விட்டு எடுத்தது போல இருந்தது. சபை கைதட்டிப் பாடியது. கைதட்டாமல் நின்றவர் ஒருவர்தான், பெண்கள் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டியவர்.

அவர்தான் ரூபி. ஜெபம் முடிந்ததும் நேராக வந்து கணவரின் வலப்பக்கம் நின்று பெயரைச் சொன்னார். பதில் இல்லை. இடப்பக்கம் வந்து நுரை அடைப்பானைப் பிடுங்கினார்.

"எத்தன நாளா?"

"நேத்துலேர்ந்து."

"நேத்து ராத்திரி நான் பேசினதுக்கெல்லாம் தலைய ஆட்டினீங்களே."

டாக்டர் சொன்னதை ரூபியிடம் சொன்னேன். சபையில் ஒருவரின் காரில் கிளம்பினோம். திருநெல்வேலி அறுபது கிலோமீட்டருக்கு மேல். சாலமோன் தன் வலது காதருகே விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு நிறுத்திவிட்டார். ரூபி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் நடந்த கேட்கும் சோதனையின் வரைபடத்தில் வலது காதுக் கோடு அடியோடு கீழே கிடந்தது. ஒரே நாளில் வந்தது நல்லது, ஆனால் உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாத்திரை தொடங்கினார்கள். பத்து நாள் கழித்துக் காதுக்குள்ளேயே ஊசி போட்டார்கள்.

இதை எழுதும்போது மூன்று மாதம் ஆகிறது. பாதிக்கு மேல் திரும்பியிருக்கிறது. விசில் சத்தம் போகவில்லை. தறிக்கூடத்தை விட்டுத் துணி மடிக்கும் பக்கம் மாறிவிட்டார். இரண்டு காதிலும் அடைப்பானோடு மாதம் ஒரு ஞாயிறு வாசிக்கிறார். இடது காதுக்கும் வருமா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். வராது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போக விரும்புகிறவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு போங்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கும், எட்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள். அவரோடு இடப்பக்கம் நின்று பேசுங்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ திடீரென ஒரு காது அடைத்தால், சளி என்று இருந்துவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

நானும் டிரம்ஸ் வகுப்பை நிறுத்தவில்லை. ஆனால் காலையில் விழித்ததும் இரண்டு காதுப் பக்கமும் விரலை உரசிப் பார்க்கிறேன். இரண்டிலும் கேட்ட பிறகுதான் கட்டிலை விட்டு இறங்குகிறேன்.